குட்டி பேக்-மேன் மெஷின் வாங்கப் போகிறீர்களா? முதலில் குச்சியை ஆட்டிப் பாருங்கள்

என் மேசையில் இரண்டு குட்டி பேக்-மேன் ஆர்கேட் மெஷின்கள் நிற்கின்றன, அந்தக் காலத்தில் கடையில் காசு போட்டு ஆடிய வீடியோ கேம் பெட்டியின் குட்டி வடிவம். இரண்டும் மஞ்சள், இரண்டின் பக்கவாட்டிலும் அதே படம், நெற்றியில் அதே விளக்குப் பலகை. ஒன்றில் ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒரு ஆட்டமாவது போடாமல் நான் படுக்கப் போவதில்லை. இன்னொன்று புத்தகங்கள் சாயாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது, திரையும் கிட்டத்தட்ட ஒரே அளவு. எல்லா வித்தியாசமும் அந்தச் சிவப்புக் குண்டு வைத்த குச்சியில்தான். அதைப் பற்றிப் பெட்டியின் மேல் ஒரு வரி கிடையாது, கடையிலும் யாரும் சொல்லவில்லை, காசு போன பிறகுதான் எனக்கே புரிந்தது.

ஏன் குச்சிக்கு இவ்வளவு முக்கியத்துவம் என்றால், அசல் மெஷினில் ஆடுபவர் கையில் இருப்பது அது ஒன்றுதான். 1980இல் ஜப்பானின் நாம்கோ கம்பெனியில் தோரு இவதானி இந்த ஆட்டத்தை வடிவமைத்தபோது சுடுவதற்கு ஒரு பொத்தான்கூட வைக்கவில்லை. அந்தக் காலத்தில் ஆர்கேட் என்றாலே விண்கலம், குண்டு, வெடிப்பு. இதில் சந்து சந்தாக ஓடிப் புள்ளிகளைத் தின்னும் ஒரு மஞ்சள் வாய், அதைத் துரத்தும் நான்கு பேய்கள், மேல் கீழ் இடம் வலம் என்று நான்கு திசைகள், அவ்வளவுதான். அதே வருடம் அமெரிக்காவில் மிட்வே கம்பெனி வெளியிட்ட நிற்கும் கேபினட் ஏறக்குறைய ஐந்தேமுக்கால் அடி உயரம். அதைச் சுருக்கும்போது படத்தைச் சுருக்கலாம், விளக்கைச் சுருக்கலாம். மனிதக் கையைச் சுருக்க முடியாதே, அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

எவ்வளவு குட்டி வேண்டும்?

முதலில் இதை முடிவு செய்யுங்கள், பாதித் தலைவலி குறையும். ஆகச் சிறியது சூப்பர் இம்பல்ஸ் கம்பெனியின் டைனி ஆர்கேட், ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர். சாவிக்கொத்தில்கூட மாட்டலாம். உண்மையிலேயே ஓடுகிறது, ஆனால் அதில் ஒரு ரவுண்டு முடிப்பதற்குள் கட்டைவிரல் மரத்துப்போகும், பத்து நிமிட வேடிக்கைக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அடுத்தது மை ஆர்கேட் கம்பெனியின் மைக்ரோ பிளேயர் போன்ற ஒரு சாண் உயரச் சாதனங்கள். மேசையில் வைத்து ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆடலாம். பலரும் வாங்குவது இந்த அளவைத்தான்.

அதற்கு மேலே சேகரிப்பாளர்களின் உலகம். நியூ வேவ் டாய்ஸ் செய்யும் ரெப்ளிகேட் வரிசை அசலில் ஆறில் ஒரு பங்கு. சென்டிபீட், டெம்பெஸ்ட் மாதிரி ஆட்டங்கள் அதில் வந்தன. ஆறில் ஒரு பங்கு என்பது பார்பி பொம்மையின் அளவு, அதனால் வீட்டில் பார்பி இருந்தால் அதைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துப் பாருங்கள், அசல் ஆர்கேட் கடை மாதிரியே இருக்கும். நம்ஸ்கல் கம்பெனியின் குவார்ட்டர் ஆர்கேட்ஸ், பெயரே சொல்கிற மாதிரி, நான்கில் ஒரு பங்கு. இதில் பேக்-மேன் உண்டு, மரக் கேபினட், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான உயரம். 2018இலிருந்து ஆர்கேட்1அப் விற்பது அசலில் முக்கால் பங்கு. அதைக் குட்டி என்று சொல்ல மனசு வராது, பீரோவுக்குப் பக்கத்தில் இடம் பார்க்க வேண்டும்.

நிறைய ஆட்டங்கள் ஒரே பெட்டியில் வேண்டும் என்பவர்களுக்கு ஜப்பான்காரர்களின் தனி வரிசை இருக்கிறது. 2018இல் வந்த நியோ ஜியோ மினியில் 40 ஆட்டங்கள், 2020 டிசம்பரில் வந்த அஸ்ட்ரோ சிட்டி மினியில் முப்பதுக்கும் மேலே, 2022 மார்ச்சில் வந்த டைட்டோவின் எக்ரெட் டூ மினியில் 40. என் ஓட்டு கடைசியாகச் சொன்னதற்கு. அதன் திரையை நெட்டுக்குத்தாகத் திருப்பி வைக்கலாம், குச்சியையும் நான்கு திசை, எட்டுத் திசை என்று மாற்றிக்கொள்ளலாம். செய்தவர்கள் உட்கார்ந்து ஆடியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. ஆனால் அதில் டைட்டோ ஆட்டங்கள்தான், பேக்-மேன் கிடையாது.

குச்சியைச் சோதிப்பது

அசல் பேக்-மேன் குச்சி நான்கு திசைக்கு மேல் அசையாது. மூலைவாட்டில் தள்ளினால் தடுப்பு விடாது. விலை குறைந்த மினிகளில் குச்சிக்கு அடியில் இருப்பதோ டிவி ரிமோட்டில் உள்ளதைப் போன்ற ரப்பர் பொத்தான்கள், மேலே ஒரு பிளஸ் வடிவத் தட்டு. குச்சியைக் கொஞ்சம் சாய்வாகத் தள்ளினால் இரண்டு பொத்தான்கள் ஒரே நேரத்தில் அழுந்தும். மேலா வலமா என்று சாதனத்துக்கே குழப்பம். மஞ்சள் வாய் சந்தில் திரும்பாமல் நேராகப் போய்ப் பேயின் மடியில் உட்காரும். நீங்கள் உங்கள் விரலைத் திட்டுவீர்கள். தப்பு விரலில் இல்லை.

கடையில் ஆடிப் பார்க்க விட்டார்கள் என்றால் இப்படிச் செய்யுங்கள். ஆட்டம் தொடங்கியதும் குச்சியை இடது பக்கம் அழுத்திப் பிடியுங்கள். விடாமலே, மாவு வழிக்கிற மாதிரி மெதுவாக மேல்பக்கம் உருட்டுங்கள். நல்ல குச்சியானால் ஒரு இடத்தில் இடது விட்டு மேல் பிடிப்பது கையிலேயே தெரியும், திரையிலும் வாய் அடுத்த சந்தில் சட்டென்று மேலே ஏறும். கெட்ட குச்சியானால் பாதி வழியில் ஒரு ஊமைப் பகுதி வரும், அங்கே எதுவுமே நடக்காது. காதையும் பக்கத்தில் வையுங்கள். குச்சிக்கு அடியில் ரப்பருக்குப் பதிலாக மைக்ரோ ஸ்விட்ச் என்கிற குட்டி ஸ்விட்ச் இருந்தால் டிக் டிக் என்று சின்னச் சத்தம் வரும். ரப்பர் என்றால் சத்தமே இருக்காது. ரப்பர் என்பதற்காக உடனே ஒதுக்க வேண்டாம், நான் தினமும் ஆடும் மெஷினும் ரப்பர்தான். அதன் குச்சியைத் திருகிக் கழற்றிவிட்டால் அடியில் உள்ள தட்டைக் கட்டைவிரலால் நேரடியாக அழுத்தலாம், மூலைவாட்டுக் குழப்பம் பாதிக்கு மேல் போய்விடும். பார்க்க அழகில்லை, ஆடச் சுகம்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு கைவைத்தியம். காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குச்சி நுழையும்படி நடுவில் ஓட்டை போட்டு அதைச் சதுரமாக வெட்டுங்கள், ஆனால் ஒட்டும்போது சதுரத்தின் மூலைகள் மேல் கீழ் இடம் வலம் பார்க்கும்படி, அதாவது சீட்டுக்கட்டு டைமண்ட் மாதிரி நிற்க வேண்டும். குச்சி அந்த மூலைகளுக்குள் முழுசாகப் போகும், மூலைவாட்டில் தள்ளினால் சதுரத்தின் பக்கம் தடுக்கும். முதலில் ஓட்டையைச் சின்னதாகவே வெட்டுங்கள், நகம் தேய்க்கும் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி ஒவ்வொரு முறையும் நான்கு திசையும் வேலை செய்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போதும், ஃபெவிகுயிக் வேண்டாம். நான் முதல் தடவை அவசரப்பட்டுப் பெரிதாக வெட்டி ஒரு கார்டு வீணானது. இரண்டாவது சரியாக உட்கார்ந்தது. இப்போது அந்த மெஷினில் அக்கா மகன் லீவுக்கு வரும்போது ஆடுகிறான், மற்ற நாளில் புத்தகத்துக்கு முட்டு.

உள்ளே ஓடுவது அசல்தானா?

வெளியே அசல் மாதிரி இருக்கும், உள்ளே வேறு ஒன்று ஓடும். மலிவான சில மினிகளில் ஓடுவது ஆர்கேட் ஆட்டம் அல்ல, பழைய வீட்டு வீடியோ கேம் பெட்டிகளுக்காகச் செய்த வடிவம். கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம். அசலில் திரை நெட்டுக்குத்தாக இருக்கும், அகலம் 224 பிக்சல், உயரம் 288 பிக்சல். ஸ்கோர் மேலே, மீதி உயிர்களும் பழங்களும் கீழே. ஸ்கோர் வலது ஓரத்தில் இருந்து, பாதைகள் குறுகி ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் அது நிண்டெண்டோ வீட்டுப் பெட்டிக்காகச் செய்த வடிவத்தின் வாரிசு. அது கெட்ட ஆட்டம் என்று சொல்லவில்லை. ஆனால் அசல் விலை கொடுக்காதீர்கள்.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்றால் எண்ணிப் பாருங்கள். ஒரு ரவுண்டில் 240 சிறு புள்ளிகள், 4 பெரிய உருண்டைகள். சிறியதுக்கு ஸ்கோர் 10, பெரியதுக்கு 50. உருண்டையை விழுங்கிவிட்டு, பயந்து நீலமாகும் பேய்களை வரிசையாகத் தின்றால் 200, 400, 800, 1600. இரண்டாவது ரவுண்டு முடிந்ததும் ஒரு குட்டி நாடகம் வரும், சிவப்புப் பேய் வாயைத் துரத்தும், அப்புறம் பூதாகாரமான வாய், நீலமாக மாறிய அதே பேயைத் திருப்பித் துரத்தும். இது வராத மெஷினைச் சந்தேகப்படலாம்.

நிஜமான சோதனை வேறு. அசல் ஆட்டத்தில் பேய்கள் துரத்துவதில் அதிர்ஷ்டம் கலப்பதில்லை. ஒரே பாதையை ஒரே நேரக்கணக்கில் ஓடினால் அவையும் அதே இடத்துக்கு வந்து நிற்கும். அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் பாதைகளை மனப்பாடம் செய்துகொண்டு ஜெயித்தது இதனால்தான். முதல் ரவுண்டை ஒரே மாதிரி மூன்று தடவை ஆடிப் பாருங்கள், உங்கள் கை தடுமாறாமல் இருந்தும் பேய்கள் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் இருந்தால் உள்ளே ஓடுவது அசலாக இருக்க வாய்ப்பு குறைவு. கை தடுமாறாமல் ஆடுவதற்கு மறுபடியும் நல்ல குச்சி வேண்டும், அது வேறு விஷயம்.

கரண்டும் பேட்டரியும்

சின்னவை பெரும்பாலும் பென்சில் பேட்டரியிலோ யுஎஸ்பியிலோ ஓடும். நான்கு சாதாரண அல்கலைன் பேட்டரி போட்டால் மொத்தம் 6 வோல்ட், ரீசார்ஜ் செய்யும் பேட்டரி நான்கு போட்டால் 4.8 வோல்ட். அதனால் சில மெஷின்களில் ரீசார்ஜ் பேட்டரி போட்டால் திரை கொஞ்சம் மங்கும், அல்லது இன்னும் சக்தி மிச்சம் இருக்கும்போதே அணைந்துவிடும். பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். வீட்டிலேயே வைத்து ஆடுவதானால் யுஎஸ்பிதான் மேல்.

டைப்-சி ஓட்டை உள்ள மெஷின், உங்கள் போன் சார்ஜரின் டைப்-சி டு டைப்-சி வயரில் உயிர் பெறவே மாட்டேன் என்கிறதா? பயப்பட வேண்டாம். மலிவான சாதனங்களில் சார்ஜரோடு பேசுவதற்கான இரண்டு சின்ன ரெசிஸ்டரை வைக்காமல் விட்டுவிடுவார்கள், அது இல்லாமல் அந்தச் சார்ஜர் மின்சாரம் விடாது. ஒரு முனை பழைய அகல யுஎஸ்பியாக உள்ள வயரைப் போடுங்கள், ஓடும். மைக்ரோ யுஎஸ்பி என்றால் வயரைத் தினமும் பிடுங்காமல் அதிலேயே விட்டுவிட்டுச் சார்ஜர் பக்கம் கழற்றுங்கள், அந்த ஓட்டைதான் முதலில் ஆட்டம் கண்டுபோகும் இடம். அமெரிக்காவிலிருந்து யாராவது பெரிய வகை வாங்கிவந்தால், அடாப்டரின் அடியில் பொடி எழுத்தில் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா என்று பார்க்காமல் நம் ஊர் பிளக்கில் செருகவே கூடாது. 120 என்று மட்டும் இருந்தால் புகைதான். உள்ளே லித்தியம் பேட்டரி உள்ளதைக் கொண்டுவருபவரிடம் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூரியரில் வரவழைப்பதானால் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள், மெஷின் விலையை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம்.

இப்போது நான் செய்த தப்பு. ஒரு கோடை முழுக்க ஊருக்குப் போயிருந்தேன், மெஷினுக்குள் நான்கு பேட்டரியும் அப்படியே இருந்தன. திரும்பி வந்து ஸ்விட்சைப் போட்டால் மூச்சு இல்லை. பின்மூடியைத் திறந்தால் சுருள்கம்பியின் மேல் வெள்ளையும் பச்சையுமாக, பழைய குழாய் வாயில் உப்புப் படிந்த மாதிரி ஒரு பூச்சு. பேட்டரி கசிந்திருக்கிறது. கசிவது காரப்பொருள், அதனால் புளிப்பு அதை முறிக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினிகர் தொட்டு வைத்தேன், நுரைத்தது, மூன்று நான்கு குச்சி அழுக்கான பிறகு கம்பி தெரிந்தது. வினிகர் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு போதும். அப்புறம் போன் ரிப்பேர் கடைகளில் வைத்திருக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு நாள் காயவிட்டுப் புதுப் பேட்டரி போட்டேன். பிழைத்தது. கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணைத் தேய்க்காதீர்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஆடப் போவதில்லை என்றால் பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள், இந்தக் கூத்தே வேண்டாம். லித்தியம் வகையை முழுக்கக் காலியாகப் போட்டுவைக்காமல் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதி அளவாவது ஏற்றுங்கள். பின்பக்கம் உப்பி மூடி தூக்கிக்கொண்டு நின்றால் சார்ஜில் போடாமல் உடனே கடைக்காரரிடம் கொண்டுபோங்கள்.

பழைய பொருள் பிரியர்கள் 1980களின் தொடக்கத்தில் கொலிகோ கம்பெனி விட்ட மேசை பேக்-மேனைத் தேடுவார்கள். அதில் இருப்பது இப்போதைய திரை அல்ல, பச்சை நீலமாய் ஒளிரும் கண்ணாடிக் குழாய்த் திரை. அதன் அழகே தனி. வாங்கும் முன் மேலே சொன்ன பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள், நாற்பது வருடக் கசிவு பலகை வரை போயிருந்தால் விட்டுவிட்டு வந்துவிடலாம்.

வைக்கும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நேர் வெயில் படக் கூடாது, பக்கவாட்டு ஸ்டிக்கர் முதலில் வெளுக்கும் நிறம் சிவப்பு. தூசியைக் காய்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள், ஸ்பிரிட் எதையும் படத்தின் மேல் தொடவிடாதீர்கள், மை கலைந்து வரும். அடியில் நான்கு ரப்பர் கால் ஒட்டுங்கள், இல்லையென்றால் ஆவேசமாகத் திருப்பும்போது மெஷினே மேசையில் நகர்ந்து போகும்.

சரி, ஆடத் தெரிய வேண்டாமா? குட்டித் திரையில் நான்கு பேயும் நான்கு நிறப் பொட்டுகள், அதனால் முகத்தை விட்டுவிட்டுக் குணத்தை ஞாபகம் வையுங்கள். சிவப்பு நேராக உங்களையே துரத்தும். இளஞ்சிவப்பு நீங்கள் பார்க்கும் திசையில் நான்கு கட்டம் முன்னால் குறிவைக்கும். நீலம் சிவப்பின் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும், அதை நம்பவே முடியாது. ஆரஞ்சு பக்கத்தில் வரும்வரை வீரன், எட்டுக் கட்டத்துக்குள் வந்தால் பயந்து கீழ் இடது மூலைக்கு ஓடிவிடும். ஒவ்வொரு புள்ளியைத் தின்னும்போதும் வாய் ஒரு கணம் தயங்கும். அதனால் துரத்தல் நெருங்கினால் ஏற்கெனவே தின்று காலியான பாதையில் ஓடுங்கள், முதல் ரவுண்டில் நீங்கள்தான் வேகம். பக்கவாட்டுச் சுரங்கத்தில் பேய்கள் நொண்டும், நீங்கள் நொண்ட மாட்டீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, மூலை வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே குச்சியைத் திருப்பிவிடுங்கள். வாய் மூலையைச் சரிவாக வெட்டித் திரும்பும், பேய்களுக்கு அது வராது. ஒவ்வொரு மூலையிலும் ஒரு நூலிழை லாபம்.

10,000 எடுத்தால் ஒரு உயிர் கூடுதல். 19ஆம் ரவுண்டிலிருந்து பெரிய உருண்டையைத் தின்றாலும் பேய்கள் நீலமாகாது. 256ஆம் ரவுண்டில் எண்ணும் இடம் நிரம்பி வழிந்து திரையின் வலது பாதி குப்பையாகிவிடும். அதைக் குட்டி மெஷினில் நேரில் பார்த்த யாராவது இருந்தால் அவர் கட்டைவிரலுக்கு என் வணக்கம்.

கடைசியாக ஒன்று. கரண்ட் போனால் அசல் மெஷினே அதிகபட்ச ஸ்கோரை மறந்துவிடும், நிறைய மினிகளும் அப்படித்தான். அதனால் நான் மெஷினின் அடியில் ஒரு துண்டுத் தாள் ஒட்டிப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். இப்போதைக்கு 38,420. அக்கா மகன் போன லீவில் எடுத்தது அதற்கும் மேலே, அதை இன்னும் எழுதவில்லை.